பசிக்கு வைத்த பரீட்சை

வைகையில் வெள்ளம் வந்து கரை உடைகிறது. வீட்டுக்கு ஒரு ஆள் வந்து தன் பங்குக் கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் பறையறைவிக்கிறான். கூலி பற்றிப் பேச்சே இல்லை. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற கிழவிக்குப் பிள்ளையும் இல்லை, துணையும் இல்லை. அவள் பங்குக்குக் கூலியாளாகச் சிவனே வந்து சேர்கிறான். உதிர்ந்த பிட்டைக் கூலியாக வாங்கித் தின்றுவிட்டு ஆடிப் பாடித் தூங்குகிறான். கடைசியில் பிரம்படி படுகிறான். அந்த அடி அரசன் முதுகிலும் ஊரார் முதுகிலும் விழுந்ததைத்தான் நாம் பக்தியோடு நினைவில் வைத்திருக்கிறோம். மதுரையில் ஆவணி மூலத்தன்று இன்றும் அதற்குத் திருவிழா நடக்கிறது.

பக்தியைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டுப் பார்த்தால் இதற்குள் ஒரு தொழிலாளர் சட்டம் இருக்கிறது. ஆளில்லாத கிழவிக்கு அதில் விலக்கு இல்லை. யார் பங்கு அடைபட்டது, யார் பங்கு கிடக்கிறது என்று அளந்து பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள், தண்டிக்கப் பிரம்பு இருக்கிறது. கரை அரசனுடையது, ஆனால் அதை அடைப்பவனுக்குச் சோறு போட்டவள் ஊரிலேயே ஏழையான கிழவி. கதை சொன்னவர்கள் இதைக் கவனிக்காமல் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இது புராணத்தோடு நின்றதும் இல்லை. சோழர் காலக் கல்வெட்டுகளில் வெட்டி, அமஞ்சி என்ற பெயர்களில் கூலியில்லா உழைப்பு வரிகளோடு வரியாக எழுதப்பட்டிருக்கிறது. குளத்துக்கு வண்டல் எடுப்பது, கரை கட்டுவது, மதகு பார்ப்பது எல்லாம் ஊர் வழக்கப்படி ஊரார் கடமையாக இருந்தன. பாசனத்தால் பயன் பெறுகிறவன் உழைக்கிறான் என்ற நியாயம் அதற்கு ஓரளவு உண்டு. நிலமே இல்லாதவன் யாருடைய பாசனத்துக்கு மண் சுமந்தான் என்று கேட்டால் அந்த நியாயம் தடுமாறும். குடிமராமத்து என்று நாம் பெருமையோடு பேசுவதன் மறுபக்கம் அது.

கும்பினி ஆட்சி முடியப்போகும் தறுவாயில் இந்த வழக்கத்துக்குச் சட்ட உருவம் கொடுத்தது. சென்னை மாகாணத்துக்கான 1858-ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் வெள்ள ஆபத்து வந்தால் ஊராரை வேலைக்கு இழுக்க அதிகாரிக்கு உரிமை தந்தது. வழக்கப்படி செய்யவேண்டிய மராமத்துக்கு வராதவனிடம் அந்த உழைப்பின் மதிப்பைப்போல் இரு மடங்கு வசூலிக்கவும் வழி செய்தது. பாண்டியன் பிரம்பு அபராதச் சீட்டாக மாறியது.

அந்தச் சட்டம் செல்லுபடியான ஊர்களில் ஒன்று ராமாபுரம். இன்று அது கர்நாடகத்தில், சாமராஜநகர் மாவட்டம் ஹனூர் வட்டத்தில் இருக்கிறது. 1997-இல் சாமராஜநகர் தனியாகப் பிரியும்வரை மைசூர் மாவட்டம். 1956-க்கு முன்போ, அது அடங்கியிருந்த கொள்ளேகால் தாலுகா மொத்தமும் சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. தமிழ் வாசகர் பலருக்கு ராமாபுரம் என்றதும் 1992-இல் வீரப்பன் தாக்கிய காவல் நிலையம்தான் நினைவுக்கு வரும். அதைத் தவிர நினைவில் வைக்க அந்தப் பக்கத்து மக்கள் வாழ்க்கையில் நிறைய இருக்கிறது. ராமாபுரத்திலிருந்து தெற்கே போனால் கர்கேகண்டி, அதைத் தாண்டினால் பர்கூர் மலை, இறங்கினால் அந்தியூர். கன்னடமும் தமிழும் கலந்து புழங்கும் வானம் பார்த்த மேட்டுக்காடு. மழை தவறினால் ஊர் கிளம்பிவிடும். அரசுக்கும் வேலையில்லாத ஏழைக்கும் இடையே நடந்த நெடுங்கால வழக்கை இங்கே நின்று பார்ப்பது எளிது. ஏனென்றால் சென்னைச் சட்டம், மைசூர்ச் சட்டம், டெல்லிச் சட்டம் மூன்றும் இந்த மண்ணின் மேலேயோ அதன் வேலி ஓரத்திலோ நடமாடியிருக்கின்றன.

இலங்கையிலும் இதே கதை வேறு வேகத்தில் நடந்தது. மன்னர் காலத்து ராஜகாரியம் என்ற கட்டாய உழைப்பை ஆங்கிலேயர் 1832-இல் ஒழித்தார்கள். பதினாறே ஆண்டில், 1848-இல், வயதுவந்த ஆண்கள் ஆண்டுக்கு ஆறு நாள் சாலை போட வேண்டும், இல்லையேல் பணம் கட்ட வேண்டும் என்று அவர்களே சட்டம் போட்டார்கள். அந்த ஆண்டு மாத்தளையில் வெடித்த கிளர்ச்சிக்கான காரணங்களில் அதுவும் ஒன்று.

இதுவரை சொன்னது குடிமகன் அரசுக்குக் கடன்பட்டவன் என்ற எண்ணத்தில் பிறந்த உழைப்பு. 1870-களில் வேறொரு வகை வந்தது. அரசு ஏழைக்குச் சோறு போடக் கடமைப்பட்டது என்று ஒப்புக்கொள்ளும்போது, அந்தச் சோற்றுக்கு முன்னால் ஒரு பரீட்சையாக உழைப்பை வைப்பது.

இதன் தாயகம் இங்கிலாந்து. 1834-இல் திருத்தப்பட்ட அந்நாட்டு ஏழையர் சட்டம் ஒரு கொள்கையை நிலைநாட்டியது: நிவாரணம் வாங்குபவனின் நிலை, வெளியே மிகக் குறைந்த கூலிக்கு உழைப்பவனின் நிலையைவிட மோசமாக இருக்க வேண்டும். அப்போதுதான் உண்மையிலேயே வேறு வழியில்லாதவன் மட்டும் வருவான். கல் உடைப்பதும் பழைய கப்பல் கயிற்றைப் பிரித்து நார் எடுப்பதும் பயனுள்ள வேலைகள் என்பதற்காகக் கொடுக்கப்படவில்லை. வெறுப்பூட்டும் வேலைகள் என்பதற்காகவே கொடுக்கப்பட்டன.

இந்தக் கொள்கை கப்பலேறி இங்கே வந்தபோது நம்மிடம் பஞ்சம் இருந்தது. 1876-இல் பருவமழை பொய்த்தது. சேலம், கோயம்புத்தூர், பெல்லாரி, கடப்பை என்று மாவட்டம் மாவட்டமாகக் காய்ந்தது. 1877 தொடக்கத்தில் வைசிராய் லிட்டன், செலவைக் கட்டுக்குள் கொண்டுவர சர் ரிச்சர்ட் டெம்பிளைச் சென்னைக்கு அனுப்பினார். டெம்பிளின் முன்கதை முக்கியமானது. மூன்றாண்டுக்கு முன் பீகாரில் பஞ்சம் வந்தபோது பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி வரவழைத்துப் பெரும் சாவைத் தடுத்தவர் அவர். அதற்குப் பாராட்டு கிடைக்கவில்லை, ஊதாரி என்ற பெயர்தான் கிடைத்தது. பெயரைத் துடைக்கச் சென்னை ஒரு வாய்ப்பு. நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது 450 கிராம் சொச்சம், கூடவே கொஞ்சம் சில்லறை என்று கூலியைக் குறைத்தார். பெண்ணுக்கு அதிலும் குறைவு. சொந்த ஊரிலிருந்து பத்து மைலுக்குள் வேலை தரக்கூடாது, தொலைவில் முகாமிட்டுத் தங்கிச் செய்ய வேண்டும் என்று தூரப் பரீட்சையும் சேர்ந்துகொண்டது. அவ்வளவு தூரம் நடந்து வருபவன் உண்மையில் பசித்தவனாக இருப்பான் என்பது கணக்கு. நடக்கவே முடியாத அளவு பசித்தவன் கணக்கில் வரவில்லை.

மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த மருத்துவர் கார்னிஷ், இந்தப் படியில் உழைக்கும் உடம்பு தேயும் என்று எழுத்து மூலமாக எதிர்த்தார். டெம்பிளுக்கும் அவருக்கும் நடந்த வாதத்தை வில்லியம் டிக்பி, 1878-இல் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பற்றி எழுதிய இரண்டு தொகுதிகளில் பதிவு செய்திருக்கிறார். ஓர் ஆள் உயிரோடிருக்க எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை இரண்டு அதிகாரிகள் அவுன்சுக் கணக்கில் வாதாடிக்கொண்டிருந்தபோது முகாம்களில் காலரா புகுந்திருந்தது. சில மாதங்களில் கூலியை ஓரளவு உயர்த்த வேண்டியும் வந்தது. பம்பாய் மாகாணத்தில் இந்தக் கூலிக்கு மண் சுமக்க மாட்டோம் என்று பெருங்கூட்டமாக மக்கள் வேலைக்களத்தை விட்டு வெளியேறினார்கள். பூனா சர்வஜனிக் சபை அவர்களுக்காக மனு எழுதியது. பட்டினியில் இருப்பவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள் என்பதை ஒருமுறை நிறுத்திப் படிக்க வேண்டும். உண்ணாவிரதம் ஓர் அரசியல் ஆயுதமாவதற்கு நெடுங்காலம் முன்பு நடந்தது இது.

அந்த வேலைகள் வீணாய்ப் போயின என்றும் சொல்ல முடியாது. சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்த் துண்டு 1877-78-இல் பஞ்ச வேலையாக வெட்டப்பட்டது. ஆளுநர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைத் தாங்கி நாறிக்கொண்டு இன்றும் ஓடுகிறது. பஞ்சத்தால் நொறுங்கிய மைசூர் சமஸ்தானத்தில் அப்போது ஆங்கில ஆணையர் ஆட்சி நடந்தது. பெங்களூரிலிருந்து மைசூருக்கான ரயில் பாதை அங்கே நிவாரண வேலையாகத் தொடங்கி 1882-இல் மைசூரை எட்டியது. அந்தச் சமஸ்தானத்தின் 1871 கணக்கெடுப்பில் மக்கள் ஐம்பது லட்சத்துக்குச் சற்று மேல். 1881-இல் நாற்பத்திரண்டு லட்சத்துக்கும் குறைவு. மைசூர்ப் பாக்குப் பொட்டலத்தோடு அந்தத் தடத்தில் போய்வருகிற நமக்கு இந்த இரண்டு எண்களை யாரும் சொல்வதில்லை.

1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது. அதன்பின் மாகாணந்தோறும் பஞ்ச விதித்தொகுப்புகள் வந்தன. டெம்பிளின் கொடூரம் குறைந்தது, ஆனால் உழைப்பே தகுதிச் சான்று என்ற அடிப்படை அப்படியே நின்றது. ஆங்கிலேயர் போன பிறகும் நின்றது. ராஜஸ்தான் அரசு 1964-இல் ஒரு சட்டம் போட்டு, பஞ்ச நிவாரண வேலைக்கு வருபவர்களைத் தொழிலாளர் சட்டங்களின் பாதுகாப்பிலிருந்து விலக்கியது. குறைந்தபட்சக் கூலி அவர்களுக்குக் கிடையாது. இருக்கிற பணத்தைப் பலருக்குப் பங்கிட வேண்டாமா என்பதுதான் எல்லாக் காலத்திலும் இதற்குச் சொல்லப்படும் நியாயம். பங்கிடுவது ஏழைகளுக்கு இடையில் மட்டும் ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

1980-களின் தொடக்கத்தில் ராஜஸ்தானில் மதன்கஞ்சிலிருந்து ஹர்மாராவுக்குச் சாலை போட்டார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், தலித்துகள். அன்றைய குறைந்தபட்சக் கூலி நாளுக்கு 7 ரூபாய். கூட்டம் கூட்டமாகப் பிரித்து, கூட்டமாக அளந்து, அதற்கும் குறைவாகத் தந்தார்கள். சமூகப் பணியாளர் சஞ்சித் ராய் அவர்களுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1983 ஜனவரியில் வந்த தீர்ப்பு, என் பார்வையில், இந்த நூற்றைம்பது ஆண்டு வழக்கின் மிக முக்கியமான தாள். வறட்சியில் தவிப்பவரின் உதவியற்ற நிலையைப் பயன்படுத்தி அரசு குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்கினால், அது அரசியல் சாசனத்தின் 23-ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றார் நீதிபதி பகவதி. ஏசியாட் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் முந்தைய ஆண்டே அவர் இதற்கு அடிகோலியிருந்தார்: கழுத்தில் கத்தி வைப்பது மட்டும் பலவந்தம் ஆகாது, வயிற்றில் பசி வைப்பதும் பலவந்தம்தான். சஞ்சித் ராய் வழக்கில் உடனிருந்த நீதிபதி பாடக் சமத்துவம் பேசும் 14-ஆம் பிரிவு வழியாக அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார்.

இந்தத் தீர்ப்பின் உயரம் தெரிய முப்பதாண்டு தள்ளி இங்கிலாந்தைப் பார்க்க வேண்டும். 2011-இல் அங்கே வேலையின்மை உதவித்தொகை வாங்கிக்கொண்டு ஓர் அருங்காட்சியகத்தில் தொண்டு செய்துவந்த பட்டதாரிப் பெண்ணை, மலிவு விலைச் சங்கிலிக் கடை ஒன்றில் இரண்டு வாரம் சம்பளமில்லாமல் அலமாரி அடுக்க அனுப்பினார்கள். மறுத்தால் உதவித்தொகை போகும் என்பது மிரட்டல். வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2013-இல் விதிகள் சரியாக எழுதப்படவில்லை என்று நீதிமன்றம் அரசைக் குட்டியது, ஆனால் இது கட்டாய உழைப்பு இல்லை என்றது. தோற்ற பகுதியைச் சரிக்கட்ட, வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே நாடாளுமன்றம் முன்தேதியிட்டுச் சட்டமே போட்டுக்கொண்டது. அடுத்த ஆண்டு, வாரம் 30 மணி நேரம் வீதம் ஆறு மாதம்வரை சம்பளமில்லாமல் உழைக்கச் சொல்லும் திட்டமும் அங்கே வந்தது. டெம்பிளை அனுப்பிய நாடு தன் பிள்ளைகளுக்கும் அதே பரீட்சையைத்தான் வைத்தது. பஞ்சத்தில் அடிபட்ட நாடு அதைச் சட்டவிரோதம் என்று முன்பே எழுதியிருந்தது. நாம் பெருமைப்படச் சில விஷயங்கள் உண்டு, அவற்றைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

மறந்தோம் என்பதற்குச் சான்று 2005-இல் வந்த ஊரக வேலை உறுதிச் சட்டத்திலேயே இருந்தது. அந்தச் சட்டம் பரீட்சையைத் திருப்பிப் போட்டது. பசித்தவன் அரசிடம் தன்னை நிரூபிக்க வேண்டாம். அவன் வேலை கேட்டு மனுக்கொடுத்தால் பதினைந்து நாளுக்குள் அரசு தன்னை நிரூபிக்க வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை தர வேண்டும், தவறினால் வேலையில்லாப் படி. முதல் முப்பது நாளுக்குக் கூலியில் கால் பங்குக்குக் குறையாமல், அதன்பின் பாதிக்குக் குறையாமல். பத்து மைலுக்கு அப்பால் போ என்ற விதியிலிருந்து இது எவ்வளவு தூரம்! ஆனால் அதே சட்டத்தின் 6-ஆம் பிரிவு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் என்ன சொன்னாலும் இந்தக் கூலியை மத்திய அரசே நிர்ணயிக்கலாம் என்றது. முன்வாசலில் துரத்திய ராஜஸ்தான் சட்டம் கொல்லைப்புறமாக வந்தது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2011-இல் இது செல்லாது, மாநிலக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக்கூடாது என்று தீர்ப்பளித்தது. மத்திய அரசு மேல்முறையீடு செய்தது. உச்ச நீதிமன்றம் 2012-இல் இடைக்காலத் தடை தர மறுத்தது. அதற்குப் பின்னும் மாநிலம் மாநிலமாகக் கூலி இடைவெளி தொடர்ந்தது.

தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை, கர்நாடகத்தில் உத்யோக காத்ரி. 2025-26-ஆம் ஆண்டுக்கு அறிவிக்கப்பட்ட கூலி கர்நாடகத்தில் 370 ரூபாய், தமிழ்நாட்டில் 336. ஒரே மேகம் ஏமாற்றும் இரண்டு மலைச்சரிவுகளில், கர்கேகண்டிக்கு வடக்கே மண் வெட்டினால் 34 ரூபாய் கூடுதல். அதுகூடக் கைக்கு எப்போது வரும் என்பதைப் பொறுத்தது. மூன்று மாதம் கழித்து வரும் கூலி, அந்த மூன்று மாதமும் கூலியில்லா உழைப்புதான். இடையில் வட்டிக்கு வாங்கித் தின்றவள் ஒருவகையில் பிட்டு விற்ற கிழவியின் கணக்கையே எழுதுகிறாள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 0.05 விழுக்காடு ஈடு என்று சட்டத்தில் எழுதியிருந்தது. 336 ரூபாய்க்கு அது பதினேழு பைசா. அந்தப் பைசாவும், வேலையில்லாப் படியும் பெரும்பாலும் தாளிலேயே கிடந்தன. மனு வாங்கியதற்குத் தேதியிட்ட ரசீது கொடுத்தால்தானே பதினைந்து நாள் எண்ணத் தொடங்கும்? ரசீது கொடுக்காமல் விடுவதில் நம் அலுவலகங்களுக்கு இருக்கும் கைத்தேர்ச்சி தனிக் கலை. 2023 முதல் களத்தில் நாளுக்கு இருமுறை படம் பிடித்துச் செயலியில் ஏற்ற வேண்டும் என்று கட்டாயமானது. மலையடிவாரத்தில் சிக்னல் கிடைக்காவிட்டால் வந்தவள் வராதவள் ஆனாள். பரீட்சை மறுபடி ஏழையின் பக்கமே திரும்பியது.

இந்த வேலையைப் பற்றி நகரத்தில் பேசுகிறவர்கள் முதலில் சொல்வது, மரத்தடியில் உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறார்கள் என்பது. அறுபது வயதுப் பெண் சித்திரை வெயிலில் ஓய்வெடுப்பதைப் பொறுக்க மாட்டாத நாம், இன்னொரு உதவித்தொகையைப் பற்றி வாய் திறப்பதில்லை. தமிழ்நாடு அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஐந்தாண்டு பதிந்து காத்திருக்கும் பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய் தருகிறது, பத்தாம் வகுப்புத் தேறியவருக்கு 300. கர்நாடகம் 2024 ஜனவரியில் தொடங்கிய யுவநிதி பட்டதாரிக்கு மாதம் 3,000, பட்டயம் பெற்றவருக்கு 1,500 என்று இரண்டாண்டுவரை தருகிறது. தருவது சரிதான். தொகை போதாது என்பதே என் குறை. ஆனால் இந்தத் திட்டங்கள் எதிலும், பணத்துக்கு ஈடாக முதலில் ஒரு குழி வெட்டு என்று யாரும் சொல்லவில்லை. படித்தவனின் வேலையின்மை சொன்னால் நம்பப்படுகிறது. படிக்காதவளின் வேலையின்மை மட்டும் நீளம், அகலம், ஆழம் அளந்த பிறகே நம்பப்படுகிறது. அவள் பெரும்பாலும் எந்தச் சாதி என்று இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பட்டதாரிக்கும் மண்வெட்டி கொடுக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. சித்தாளுக்கும், வயதாகிக் குனிய முடியாத கூலிக்காரிக்கும் அந்த நம்பிக்கையில் ஒரு பங்கு ஏன் இல்லை என்பதே கேள்வி.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்தின் இடத்தில் புதியதைக் கொண்டுவந்தது. நூறு நாள் 125 நாளானது. பெரும்பாலான மாநிலங்கள் செலவில் 40 விழுக்காட்டை ஏற்க வேண்டும். கவனிக்க வேண்டிய இன்னொரு விதி உண்டு: விதைப்பு, அறுவடைக் காலங்களில் ஆண்டுக்கு 60 நாள்வரை இந்த வேலையை நிறுத்திவைக்கலாம். வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்பது காரணம். நிவாரணக் கூலி வெளிக் கூலியைவிடக் கவர்ச்சியாகிவிடக் கூடாது என்று 1834-இல் எழுதியதும், அதையே டெம்பிள் பவுண்டுக் கணக்கில் நிறுத்ததும் இந்தக் கவலையால்தான். பழைய சட்டம் வந்ததால் விவசாயக் கூலி ஏறிவிட்டது என்று இருபது ஆண்டாகப் புலம்பல் கேட்கிறோம். ஏறியிருந்தால், உழைப்பவளுக்கு முதன்முறையாக முடியாது என்று சொல்லும் தெம்பு வந்திருக்கிறது என்று அர்த்தம். அந்த அறுபது நாள் எவை என்று மாநில அரசு முன்கூட்டி அறிவிக்க வேண்டுமாம். ராமாபுரத்து மேட்டுக்காட்டில் மழை எந்தத் தேதியில் இறங்கும் என்பதை எந்த அரசாணையும் இதுவரை சரியாகச் சொன்னதில்லை. நிறுத்திவைத்த மாதத்தில் வானமும் நின்றுவிட்டால், வயலிலும் வேலையிராது, களத்திலும் வேலையிராது. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போகும் பேருந்துகளில்தான் இடம் தேட வேண்டும்.